வழக்குக் கட்டில் அவள் வாழ்க்கையும் இருக்கட்டும்: நீலகிரியின் சட்ட உதவி வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் நீதிமன்றங்களில் சட்ட உதவி வழக்கறிஞர்களாக இருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த மலையிலிருந்து ஒரு பெண் தூக்குமேடை வரை போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். அப்படி ஒரு தீர்ப்பு வந்த பிறகு எழுதினால் அது ஒருத்திக்காக மன்றாடும் கடிதமாகிவிடும். நீ யார் பக்கம் என்று ஊர் கேட்கும். செத்தவர் வீட்டு வாசலைத் தாண்டிப் போவதே கஷ்டமாகிவிடும். இன்று அந்தச் சங்கடம் இல்லை, நிதானமாகப் பேசலாம்.

நான் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக் காப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது சட்டத் தன்னார்வலராக உங்களில் சிலருக்கு அறிமுகமானவள். சட்டம் படித்தவள் அல்ல. ஆனால் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் பிள்ளையை என் கையில் கொடுக்கும்போது முகத்தில் இருந்த வீக்கத்தைப் பல ஆண்டுகள் பார்த்தவள். அந்த வீக்கம் எந்த வழக்குக் கட்டிலும் ஏறுவதில்லை. இந்த மடலின் விஷயமே அதுதான்.

2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை நீதிமன்றம், காதலனுக்கு விஷம் கொடுத்துக் கொன்ற வழக்கில் 24 வயதுப் பெண்ணுக்கு மரண தண்டனை விதித்தது. பெண் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தவள். கொலை கொடியது, அந்த இளைஞன் பதினொரு நாள் துடித்து இறந்தான். அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. நான் பார்த்தது தேதிகளை. குற்றவாளி என்று அறிவித்தது 17ஆம் தேதி, தூக்கு என்று அறிவித்தது 20ஆம் தேதி. இடைப்பட்ட நாட்களில் தண்டனை குறித்த வாதமும் முடிந்துவிட்டது. வயது, படிப்பு, பெற்றோருக்கு ஒரே மகள், முன்குற்றம் இல்லை என்பவை சொல்லப்பட்டன. பெரும்பாலும் குற்றப்பத்திரிகையின் முதல் பக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடக்கூடியவை இவை. 24 ஆண்டு வாழ்க்கையைப் பற்றி மூன்று நாளில் வேறு எதைத் திரட்ட முடியும்? அதே 20ஆம் தேதி கொல்கத்தாவில், பயிற்சி மருத்துவர் பாலியல் வன்கொடுமைக் கொலை வழக்கில் குற்றவாளியான ஆணுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவனையும் தூக்கிலிட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரே நாட்டில், ஒரே நாளில் எடை போட்ட இரண்டு தராசுகளும் என்ன கல்லைப் பயன்படுத்தின என்று கேட்கிறேன்.

சட்டம் உங்களுக்குத் தெரியும். ஆயுள்தான் விதி, தூக்கு விதிவிலக்கு, அதற்குச் சிறப்புக் காரணம் எழுத வேண்டும். 1980இல் பச்சன் சிங் வழக்கில் 'அரிதினும் அரிதான' என்ற வரம்பு வந்தது. குற்றத்தை மட்டும் பார்க்காதே, குற்றவாளியையும் பார் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. எப்படிப் பார்ப்பது என்று வகுத்துச் சொல்ல நாற்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 2022 மே மாதம் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேசம் வழக்கில்தான், விசாரணை நீதிமன்றத்திலேயே இவற்றைத் திரட்டுங்கள் என்று உச்ச நீதிமன்றம் பட்டியல் போட்டது: வயது, சிறுவயதுக் குடும்பச் சூழல், வன்முறைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளான வரலாறு, படிப்பு, வருமானம், மனநலம், சிறையில் நடந்துகொள்ளும் விதம். அதே ஆண்டு செப்டம்பரில், தண்டனை குறித்த விசாரணை உண்மையான விசாரணையாக இருக்க எவ்வளவு அவகாசம் வேண்டும் என்ற கேள்வி ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

இப்போது நம் மலைக்கு வருகிறேன். எந்த ஊர் நீதிமன்றம் என்று சொல்லமாட்டேன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்யும் கத்தியால் கணவனை வெட்டிய பெண்ணின் வழக்கில் நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். சாட்சிகள் முடிந்து, குற்றம் சாட்டப்பட்டவளையே நீதிபதி கேட்கும் 313ஆம் பிரிவுக் கேள்விகள் வந்தன. (புதிய நடைமுறைச் சட்டத்தில் எண் மாறி 351 ஆகிவிட்டது, ஆனாலும் வராந்தாவில் எல்லோரும் 313 என்றுதான் சொல்கிறார்கள்.) சாட்சி இப்படிச் சொல்கிறாரே, என்ன சொல்கிறாய் என்று கேட்கக் கேட்க, சொல்லிக் கொடுத்தபடி "பொய், பொய்" என்றாள். அவளாகச் சொல்ல ஆரம்பித்த ஒரே வாக்கியத்தை வக்கீலே கையமர்த்தி நிறுத்தினார். தண்டனை பற்றிக் கேட்டபோது, "குழந்தைகள் இருக்கிறார்கள், குறைந்தபட்சத் தண்டனை வேண்டும்" என்றாள். அதுவும் சொல்லிக் கொடுத்த வாக்கியம்தான். அவள் முழங்கைக்கு மேல் இருந்த பழைய தீக்காயத் தழும்புகளை அந்தக் கூடத்தில் யாரும் கேட்கவில்லை. அவளுக்கு ஆயுள் கிடைத்தது. தூக்கு கிடைக்கவில்லையே என்று வக்கீல் நிம்மதிப்பட்டார். அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. வேறொரு நாள், வேறொரு நீதிபதி, பத்திரிகைகள் கொதித்துக்கொண்டிருக்கும் வேறொரு வழக்கு என்றிருந்தால், அந்த வெற்று வழக்குக் கட்டை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்?

மரண தண்டனைக் கைதிகளில் பெண்கள் மிகக் குறைவு. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 373 கைதிகளைப் பற்றிய தகவல்கள் இருந்தன. பெண்கள் 12 பேர். அந்தப் பன்னிரண்டு பேருமே பிற்படுத்தப்பட்ட, ஒடுக்கப்பட்ட சமூகங்களையும் மதச் சிறுபான்மையினரையும் சேர்ந்தவர்கள். எண்ணிக்கை குறைவு என்பதால் அவர்களைப் பற்றி யாரும் தனியாக யோசிப்பதில்லை. ஆணுக்கு எழுதிய வாதத்தில் 'அவன்' என்பதை 'அவள்' ஆக்கிப் படித்துவிடுகிறார்கள். ஆனால் தண்டிக்கும்போது மட்டும் பெண் என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடுகிறது.

உத்தரப் பிரதேசத்து அம்ரோஹா வழக்கைப் பாருங்கள். 2008 ஏப்ரலில் ஷப்னம் என்ற பெண் காதலனோடு சேர்ந்து தன் வீட்டில் ஏழு பேரைக் கொன்றாள்; ஒன்று பத்து மாதக் குழந்தை. 2015இல் உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதி செய்தபோது, பெற்றோரைத் தாங்கி நிற்க வேண்டிய மகளே இதைச் செய்தாள், படித்தவள், ஆசிரியை, காதலில் மயங்கியவள் என்பவையெல்லாம் அவள் தலையில் கூடுதல் பாரமாக ஏறின. ஒரு மகன் இதைச் செய்திருந்தால் 'பணிவிடை செய்ய வேண்டிய மகன்' என்று எடை கூட்டியிருப்பார்களா? சொத்துக்காக அப்பாவைக் கொன்ற மகன்களின் கதை நம் ஊரிலேயே உண்டு; அவர்கள் காதல் வாழ்க்கையை யாரும் தீர்ப்பில் அலசுவதில்லை.

அந்த வழக்கில் எனக்கு இன்னொன்றும் விளங்கவில்லை. கைதானபோது அவள் கர்ப்பிணி. 2008 டிசம்பரில் குழந்தை சிறையில் பிறந்தது. தூக்குத் தண்டனை 2010இல். மரண தண்டனை பெற்ற பெண் கர்ப்பமாக இருந்தால் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். முன்பு தள்ளிவைத்தால் போதும், விரும்பினால் குறைக்கலாம் என்று இருந்தது. 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இது கட்டாயமானது. அதாவது தீர்ப்பு நாளில் வயிற்றில் குழந்தை இருந்தால் அவள் உயிருக்கு ஆபத்தில்லை. இடுப்பில் இருந்தால் தூக்கு. வழக்கு எவ்வளவு வேகமாக நடந்தது என்பதைப் பொறுத்து ஒரு பெண் வாழ்வதா சாவதா என்றால், அந்தச் சட்டம் இரங்கியது வயிற்றுக்குத்தான். அவள் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த ஆறே நாளில், சீராய்வு மனுவும் கருணை மனுவும் மீதமிருக்கும்போதே, தூக்குக்கான வாரண்டு பிறப்பிக்கப்பட்டதும் நடந்தது. உச்ச நீதிமன்றமே பிறகு அதை ரத்து செய்தது.

ராஜீவ் காந்தி கொலையில் நளினியின் வழக்கை நம் மாநிலத்தில் தெரியாதவர் இல்லை. 1998 ஜனவரி 28 அன்று தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. தடாவில் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு இல்லை, நேராக உச்ச நீதிமன்றம்தான். 1999 மே மாதம் அங்கே நால்வருக்கு மட்டும் தூக்கு நின்றது, மூவருக்கு ஆயுள், மற்ற 19 பேரும் வெளியே வந்தார்கள். ஒருமுறை நிறுத்தி யோசியுங்கள்: தூக்குக் கயிற்றின் கீழ் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்த 19 பேர், அவர்களில் பெண்களும் உண்டு, வீட்டுக்குப் போய்விட்டார்கள். நளினிக்கு ஆயுள் போதும் என்று நீதிபதி கே.டி. தாமஸ் தனித்து எழுதினார். தந்தைக்கும் தூக்கு என்னும்போது தாயையும் கொன்றால் சிறையில் பிறந்த அந்தக் குழந்தை அநாதையாகும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. மற்ற இருவர் ஏற்கவில்லை. 2000 ஏப்ரலில் அமைச்சரவைப் பரிந்துரையின் பேரில் ஆளுநர் குறைத்தார். 2022 நவம்பரில் விடுதலை.

நீதிபதி தாமஸ் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் தாய் என்பதால் ஒருத்தி பிழைக்கிறாள் என்றால், பிள்ளை இல்லாதவள் என்ன செய்வாள்? பிள்ளையையே கொன்றுவிட்டவள்? தாய்மையை மட்டும் நம்பி வாதாடுகிற வக்கீல், அந்தப் பெண்ணிடம் வரும்போது வெறுங்கையோடு நிற்பார்.

அப்படி நிற்க வேண்டியதில்லை என்பதற்கு நம் சென்னை உயர் நீதிமன்றமே வழி காட்டியிருக்கிறது. 1989இல், கணவனின் கொடுமை தாங்காமல் குழந்தைகளுடன் கிணற்றில் குதித்து உயிர் பிழைத்த ஒரு தாயின் வழக்கு அங்கே வந்தது. சட்டப் புத்தகத்தில் இருந்தது திடீரென மூளும் ஆத்திரம் மட்டும்தான். பக்கத்து நாற்காலியில் இருப்பவன் வைதவுடன் கத்தியை உருவும் ஆணுக்குப் பொருந்தும் சட்டம் அது. பல ஆண்டு அடியும் பட்டினியும் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் உடைகிற பெண்ணுக்கு அதில் இடமில்லை. உயர் நீதிமன்றம் தொடர் ஆத்திரமூட்டல் என்பதையும் விதிவிலக்காகக் கொள்ளலாம் என்றது. அந்த மனநிலைக்கு நல்லதங்காளின் பெயரையே வைத்தது. அர்ச்சுனாபுரத்துக் கிணற்றில் ஏழு பிள்ளைகளையும் போட்டவளுக்காக நூற்றாண்டுகளாக அழுது பாடிய ஊர் இது. அவளை யாரும் கொலைகாரி என்று கும்மியில் பாடவில்லை. அண்ணி மூளியலங்காரியைத்தான் திட்டினார்கள். பாட்டுக் கட்டியவர்களுக்குத் தெரிந்த காரணகாரியம் நம் குற்றப்பத்திரிகை எழுதுகிறவர்களுக்கும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் தொடர் ஆத்திரமூட்டல் என்று வாதாட, தொடர்ச்சியைக் காட்ட வேண்டும். காகிதம் எங்கே என்று கேட்பார்கள். இருக்கிறது. இந்த மலை முழுக்கச் சிதறிக் கிடக்கிறது.

தோட்ட டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் எழுதிய பதிவேட்டைப் பாருங்கள். "வழுக்கி விழுந்தது" என்று ஒரே பெண்ணுக்கு ஒரே ஆண்டில் எத்தனை முறை எழுதியிருக்கிறார் என்று எண்ணுங்கள். எங்கள் தோட்டங்களில் பெண்கள் சம்பள நாளுக்கு மறுநாள்தான் அதிகம் வழுக்கி விழுவார்கள். காப்பகப் பதிவேட்டில் பிள்ளையைக் கொண்டுவராத நாட்கள் இருக்கும். செக்ரோல் என்னும் தோட்ட வருகைப் பதிவேட்டில் அவள் வேலைக்கு வராத நாட்கள் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் அவள் வீட்டுக்குள் நடந்தது தெரியும். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த மனு, அதற்குக் கிடைத்த சி.எஸ்.ஆர். ரசீது, இரு தரப்பும் சமாதானமாகப் போவதாக வாங்கிய கையெழுத்து ஆகியவை அரிசிப் பெட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் உறையில் இருக்கும். சமாதானம் என்று காவல் நிலையம் எழுதிய அந்தத் தாள், அடி விழுந்தது என்பதற்கு அரசாங்கமே கொடுத்த சான்று. கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் கருக்கலைவுகளின் கணக்கு இருக்கும். பழங்குடிப் பெண் என்றால் உண்டு உறைவிடப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு இருக்கும். எந்த வகுப்பில் நின்றாள், ஏன் நின்றாள் என்று வாத்தியார் யாருக்காவது ஞாபகம் இருக்கும். தாயகம் திரும்பிய குடும்பம் என்றால் இலங்கையிலிருந்து வரும்போது வாங்கிய குடும்ப அட்டையில் தொடங்கி அவர்களுடைய அலைச்சல் முழுவதும் காகிதமாகவே இருக்கும்.

வயது விஷயத்தை அலட்சியமாக விடாதீர்கள். மலையில் பதினாறு, பதினேழில் கல்யாணமாகி அனுப்பப்படும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். குற்றம் நடந்த நாளில் பதினெட்டு நிரம்பவில்லை என்றால் தூக்கு என்ற பேச்சே இல்லை; அந்த வாதத்தை எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு மரண தண்டனைக் கைதியை 28 ஆண்டுக்குப் பிறகு விடுவித்தது. ராஜஸ்தானத்து அரசுப் பள்ளிப் பதிவேட்டின்படி, குற்றத்தின்போது அவனுக்கு வயது 12. மூன்று நீதிமன்றங்கள் பார்க்காத அந்தப் பதிவேடு அத்தனை ஆண்டும் அதே பள்ளியில்தான் இருந்தது.

இலங்கை மூதூரைச் சேர்ந்த ரிசானா நஃபீக் பற்றி இங்கே கோத்தகிரியில் இன்றும் பேசுவார்கள், உறவுகள் அந்தப் பக்கம் இருப்பதால். பாஸ்போர்ட்டில் பிறந்த ஆண்டு 1982, பிறப்புச் சான்றிதழில் 1988. 2005இல் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போய், சில வாரங்களிலேயே கையில் இருந்த குழந்தை இறந்து, கைதானாள். தமிழ் சரியாக அறியாத ஒருவர் மொழிபெயர்க்கக் கொடுத்த வாக்குமூலம் என்று அவள் தரப்பு சொன்னது. வாக்குமூலத்தை அவள் மறுத்தும் பயனில்லை. 2013 ஜனவரி 9 அன்று தலையை வெட்டினார்கள். அது வேறு நாடு, வேறு சட்டம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். நம் கூடலூரில் பழங்குடிகளான பணியர் மொழியோ காட்டுநாயக்கர் மொழியோ பேசும் பெண் போலீஸ் தமிழுக்குத் தலையாட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்குத் தமிழ் தெரியும், கடையில் சாமான் வாங்கும் அளவுக்கு. கொலை நடந்த இரவைச் சொல்லும் அளவுக்கு இல்லை. அந்தச் சமூகங்களிலிருந்தே படித்த பிள்ளைகள் இப்போது தன்னார்வலர்களாக வந்திருக்கிறார்கள். ரிமாண்ட் நாளன்றே ஒருவரைக் கூப்பிடுங்கள். சாட்சி விசாரணை வரை காத்திருந்தால், அவள் சொல்லாததெல்லாம் சொன்னதாக எழுதி முடிந்திருக்கும்.

கோலாப்பூர் சகோதரிகள் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அது என்னைத் தூங்கவிடாத வழக்கு. ரேணுகா, சீமா. குழந்தைகளைக் கடத்தித் திருடப் பயன்படுத்தி, பயன் தீர்ந்ததும் கொன்றார்கள். பிள்ளைகளை வளர்த்த கையோடு அந்த விவரங்களைப் படிக்க என்னால் முடியவில்லை. அந்தக் குழந்தைகளைத் தேடி அலைந்த தாய்மாரும் பெண்கள்தான். பெண்களின் நியாயம் பேசும்போது அவர்களை விட்டுவிட்டுப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனாலும் இதையும் பாருங்கள்: பெண்களை அந்தத் தொழிலில் இறக்கியவள் பெற்ற தாய், அவள் விசாரணைக்கு முன்பே காவலில் இறந்தாள். ரேணுகாவின் கணவன் அப்ரூவராகி வெளியே போனான். 2001இல் சகோதரிகளுக்குத் தூக்கு, 2006இல் உச்ச நீதிமன்றம் உறுதி, கருணை மனு நிராகரிப்பு 2014இல்தான். ஏறத்தாழ எட்டு ஆண்டு ஒரு கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது. அந்தத் தாமதத்தைக் காரணம் காட்டி 2022 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. கடைசியில் அவர்கள் பிழைத்தது அரசாங்கத்தின் சோம்பேறித்தனத்தால். அந்த வீட்டில் அவர்கள் எப்படி வளர்ந்தார்கள் என்பது தீர்ப்பின் எடையில் ஏறவே இல்லை.

அந்தச் சோம்பேறித்தனத்தையும் இனி நம்ப முடியாது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று பெயரைச் சொல்லவே மூச்சு வாங்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 472ஆம் பிரிவின்படி, சிறைக் கண்காணிப்பாளர் தகவல் சொன்ன முப்பது நாளுக்குள் கருணை மனு போட வேண்டும். போடக்கூடியவர் கைதி, அல்லது அவரது வாரிசு, அல்லது உறவினர். ஆண் சிறைக்குப் போனால் மனைவியும் அம்மாவும் சோற்றுப் பொட்டலத்தோடு வாசலில் நிற்பார்கள். பெண் போனால் யார் வருகிறார்கள்? புகுந்த வீட்டில்தான் பெரும்பாலும் செத்தவரே இருப்பார். பிறந்த வீட்டுக்கு அவமானம். நீண்ட தண்டனை பெற்ற பெண்ணை வைக்க இந்த மலையில் சிறை இல்லை. கீழே கோவைக்கோ அதற்கு அப்பாலோ போய்விடுவாள். சேரம்பாடியிலிருந்து கோவைக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் போதாது. தினக்கூலிக்காரிக்கு அது இரண்டு நாள் சம்பளமும் பஸ் செலவும். உறவே வராதவளுக்கு, அந்த முப்பது நாளில் என்ன எழுத வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அவளுடைய முதல் வக்கீலாகத்தான் இருக்க முடியும். உங்கள் வழக்குக் கட்டுக்குள் அப்போது என்ன இருக்கும் என்பது இன்று நீங்கள் என்ன சேர்த்தீர்கள் என்பதில் இருக்கிறது.

வேலை அதிகம், ஊதியம் குறைவு, வாய்தா நெருக்குகிறது என்பீர்கள். தெரியும். உதகை நீதிமன்ற வளாகத்தில் பெண் வழக்கறிஞர்களுக்குக் கழிவறை வசதி இல்லை என்ற புகாரே 2023இல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கறுப்பு அங்கி போட்டவர்களுக்கே அந்த நிலை என்றால் கூண்டில் நிற்கிறவளுக்கு என்ன கிடைக்கும் என்று அன்றே நினைத்தேன். ஆகவே உங்கள் சிரமத்தைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம்.

கேட்பது இதுதான். கொலை வழக்கில் ஒரு பெண்ணின் கட்டு உங்கள் கைக்கு வந்தால், அது தூக்கு வரை போகும் வழக்காகத் தோன்றினாலும் தோன்றாவிட்டாலும், அந்த வாரமே எங்களுக்குச் சொல்லுங்கள். தோட்டத் தொழிலாளர் லயன் வீட்டுக்கும் பழங்குடிகளின் பாடிக்கும் நாங்கள் போகிறோம். டிஸ்பென்சரி, காப்பகம், பள்ளிக்கூடம், மகளிர் காவல் நிலையம் எல்லாம் எங்களுக்குத் தெரிந்த வாசல்கள். பதிவேடுகளை நீதிமன்றம் வழியாக வரவழைக்க மனு மட்டும் நீங்கள் போட வேண்டும். தோட்டங்களில் பழைய பதிவேடுகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள், அதனால் தாமதிக்காதீர்கள். அவளை நீங்கள் நேரில் பார்ப்பது கோர்ட்டு வராந்தாவில், போலீஸ்காரம்மா பக்கத்தில் நிற்க, ஐந்து நிமிடம் என்று இருக்கக் கூடாது. சிறைக்குப் போய்ப் பாருங்கள். முதல் தடவை வழக்கைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். அவள் எந்த ஊர், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆண் வழக்கறிஞர் என்றால் எங்களில் ஒரு பெண்ணைக் கூட அழைத்துப் போங்கள். சில விஷயங்களை உங்களிடம் சொல்லமாட்டாள். மனநல மதிப்பீட்டுக்கு, தீர்ப்புக்குப் பிறகு அல்ல, விசாரணை நடக்கும்போதே விண்ணப்பியுங்கள். குற்றவாளி என்று அறிவிக்கும் நாளில் "தண்டனை பற்றிச் சொல்ல அவகாசம் வேண்டும்" என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மறுத்ததாகப் பதிவாகட்டும். மேலே போகும்போது அந்த ஒரு வரி உதவும்.

பயணச் செலவுக்கு வவுச்சர் வைத்தால் பாஸாவதற்கு மாதக் கணக்காகிறது. அதை மட்டும் யாராவது உதகையில் பேசிச் சரி செய்தால், பந்தலூர் பக்கத்துப் பெண்களும் எங்களோடு சேருவார்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு சட்டத் தன்னார்வலர்